நஞ்சிலிருந்து மருந்து
ரோமுலஸ் விட்டேக்கரின் வாழ்வும் இருளர் மக்களின் அறிவும்

முன்னுரை

'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்பது நம் முன்னோர் கண்ட அனுபவ மொழி. நடுங்குவதோடு நாம் நின்றுவிடுவதில்லை. அரசும் வேம்பும் இணைந்து நிற்கும் மேடையிலே நாகர் சிலைக்குப் பாலூற்றி, மஞ்சள் பூசி வணங்குகிறோம். மருதமலைக்குச் செல்வோர் பாம்பாட்டிச் சித்தர் குகையிலும் வணங்கி வருகின்றனர். அதே நாம், தோட்டத்துச் சாளையின் ஓரத்தில் ஒரு சாரைப் பாம்பு தலை காட்டினாலும் தடியைத் தேடுகிறோம். கல்லிலே செதுக்கிய பாம்புக்குக் கும்பிடு. உயிருள்ள பாம்புக்கு அடி! இந்த முரண்பாட்டைப் பற்றி நம்மில் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணிப் பார்த்ததில்லை, என் வீட்டிலேயே ஒரு நிகழ்ச்சி நடக்கும் வரையில்.

தொலைக்காட்சியில் வனவிலங்குகளைக் காட்டிப் புகழ் பெற்றவர்கள் உலகில் பலர் உண்டு. இங்கிலாந்தின் டேவிட் அட்டன்பரோ, முதலைகளோடு மல்லுக்கட்டிய ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வின் ஆகியோரை நம்மில் பலர் அறிவோம். அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஒருவர் நம் தமிழ்நாட்டிலேயே வாழ்ந்து, இங்கேயே தம் பெரும் பணிகளைத் தொடங்கினார். அவரே 'பாம்பு மனிதர்' என்று அழைக்கப்படும் ரோமுலஸ் விட்டேக்கர். அவருடைய வாழ்வையும், அவர் பணி செய்த சூழலையும், அதனால் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் வாழும் நமக்கு விளைந்த பயனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் இரவு

நான் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டு அது. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் என் அப்புச்சிக்கு மஞ்சள் காடு உண்டு. ஒரு நாள் இரவு பதினோரு மணிக்கு மேல் தண்ணீர் கட்டப் போன என் மாமாவை வரப்பின் மேல் பாம்பு கடித்துவிட்டது. கையில் விளக்கு இல்லை; காலில் செருப்பும் இல்லை. 'உஸ்' என்று நீண்ட சீறல் கேட்டதாக மட்டும் அவர் சொன்னார். கூட்டம் கூடியது. ஒருவர் தொடையில் கயிற்றை இறுகக் கட்டினார். சிலர் டார்ச் விளக்குடன் பாம்பைத் தேடி அடித்துக் கொன்றனர். வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்ட கேள்வி, "பாம்பை அடிச்சாச்சுங்களா?" என்பதே. மாமாவை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வந்தது. அதற்கும் விடை, பக்கத்து ஊரில் மந்திரிப்பவர் என்பதாக இருந்தது.

அங்கே பச்சிலைச் சாறு கொடுத்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். மூன்று மணி நேரம் சென்றது. கால் வீங்கிக் கறுத்து, பல் ஈறில் இரத்தம் கசிந்த பிறகுதான் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். மருத்துவர் சிறிது இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து அசையாமல் வைத்தார். இருபது நிமிடம் ஆகியும் அது உறையவில்லை. "கண்ணாடி விரியனாத்தான் இருக்கும்" என்று சொல்லி உடனே மருந்து ஏற்றினார். சிறுநீரகம் பழுதுபட்டு, பல முறை டயாலிசிஸ் செய்து, நெடுநாட்களுக்குப் பின் மாமா உயிருடன் வீடு திரும்பினார். ஆனால் கயிறு கட்டிய காலில் சதை அழுகி, இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. பாம்பின் நஞ்சு செய்த கேட்டில் பாதியை நாங்கள் கட்டிய கயிறும் கடத்திய நேரமும் செய்தன என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

அன்று என் அம்மாயி அந்த மருத்துவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கு அவர், "என்னைக் கும்பிடாதீங்கம்மா, இந்த மருந்தே பாம்போட விஷத்துல இருந்து வர்றதுதான். அதைப் பிடிச்சுக் குடுக்கறவங்களைக் கும்பிடுங்க" என்றார். யார் பிடித்துக் கொடுப்பவர்கள்? எங்கே பிடிக்கிறார்கள்? இக்கேள்விகளோடு நான் விலங்கியல் படிக்க வந்தேன். தேடியபோது கிடைத்த விடைகளில் ஒன்று விட்டேக்கர் என்ற பெயர். மற்றொன்று இருளர் என்ற பெயர்.

பிறப்பும் இளமையும்

ரோமுலஸ் விட்டேக்கர் 1943ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே புழு, பூச்சி, சிலந்தி ஆகியவற்றைச் சேர்த்து வைப்பது அவர் வழக்கம். ஒரு நாள் பாம்பையே வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் தாயார் டோரிஸ் அலறவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அழகாக இருக்கிறது என்று சொல்லி வளர்க்க விட்டார். ஒரு தாயின் முகம் அருவருப்பில் சுளிக்காமல் இருந்தமையால் உலகுக்கு ஒரு பாம்பியல் அறிஞர் கிடைத்தார் எனலாம்.

டோரிஸ் அம்மையார் பின்னர் ராமா சட்டோபாத்யாயாவை மணந்தார். ராமா, விடுதலைப் போராட்ட வீராங்கனையும் கைவினைக் கலைகளுக்கு மறுவாழ்வு தந்தவருமான கமலாதேவி சட்டோபாத்யாயாவின் மகனாவார். ஆகவே 1951இல், எட்டு வயதில், விட்டேக்கர் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். பள்ளிப் படிப்பு நம் பழனி மலைத்தொடரின் உச்சியிலுள்ள கொடைக்கானலில் நிகழ்ந்தது. விடுதிக் கட்டிலின் அடியில் ஒரு மலைப்பாம்பை அவர் வளர்த்தார் என்று சொல்வதுண்டு. வகுப்பறையைவிடச் சோலைக்காடே அவருக்குப் பள்ளிக்கூடமாக விளங்கியது.

உயர்கல்விக்கு அமெரிக்கா சென்றவர், வயோமிங் பல்கலைக்கழகப் படிப்பை நடுவிலேயே விட்டார். ஃப்ளோரிடாவின் மயாமி நகரில் பாம்புப் பண்ணை நடத்திய பில் ஹாஸ்ட் என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஹாஸ்ட் பாம்புகளின் நஞ்சை நாள்தோறும் கறந்து ஆய்வுக்குக் கொடுத்தவர். வாழ்நாளில் நூற்றைம்பது முறைக்கு மேல் நச்சுப் பாம்புகளிடம் கடிபட்டும் நூறு வயது வரை வாழ்ந்தவர். பாம்பின் நஞ்சு ஒரு மருந்துப் பொருள் என்ற பாடத்தை விட்டேக்கர் அங்கே கற்றார். பின்னர் வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையில் சேர்க்கப்பட்டு, மருத்துவ ஆய்வுக்கூடப் பணி செய்தார். 1967இல் இந்தியாவுக்குத் திரும்பினார். பிற்காலத்தில் இந்தியக் குடியுரிமையும் பெற்றார்.

பாம்புப் பண்ணை

சென்னையை அடுத்த சேலையூரில் சிறிய அளவில் அவர் தொடங்கிய பாம்புப் பண்ணை, 1972இல் கிண்டிக்கு இடம் மாறி ஓர் அறக்கட்டளையாக உருப்பெற்றது. அந்நாளில் சென்னைக்குச் சுற்றுலா சென்ற பள்ளிப் பிள்ளைகள் கிண்டிப் பாம்புப் பண்ணையைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை. குழிகளில் பாம்புகளைக் காட்டி, எது நஞ்சுள்ளது, எது நஞ்சற்றது என்று விளக்கிச் சொன்னார்கள். பாம்பு பால் குடிக்காது, மகுடி ஓசைக்கு ஆடாது, பழிவாங்காது ஆகிய செய்திகள் திரைப்படங்களையே நம்பியிருந்த நம் மக்களுக்கு அங்கேதான் முதன்முதலாக எட்டின. மகுடியின் அசைவையே பாம்பு கண்ணால் தொடர்கிறது என்பதும், நிலத்தின் அதிர்வைத் தன் உடலால் அது நன்கு உணர்கிறது என்பதும் இன்று நம் பாடநூல்களிலும் உள்ளன.

அந்தப் பண்ணையில் தொண்டராகச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவரே, பின்னாளில் அமைதிப் பள்ளத்தாக்கின் மழைக்காட்டைப் படமாக்கிப் புகழ்பெற்ற சேகர் தத்தாத்ரி என்பதும் குறிப்பிடத்தக்கது.

இருளர் மக்கள்

விட்டேக்கருக்குத் தமிழ்நாட்டுப் பாம்புகளை அறிமுகப்படுத்திய ஆசான்கள் பட்டதாரிகள் அல்லர். செங்கற்பட்டு வட்டாரத்து இருளர்கள். இருளர் என்றதும் நமக்கு ஆனைகட்டி, மாங்கரை, சிறுவாணி மலையடிவாரம் ஆகிய இடங்களில் வாழும் மக்களே நினைவுக்கு வருவர். பெயர் ஒன்றாயினும் நம் மலைப்பகுதி இருளர் தமக்கெனத் தனி மொழி உடையவர்கள். வடமாவட்டங்களில் சமவெளியில் வாழும் இருளர் தமிழையே பேசுபவர்கள். எலி பிடித்தலும் பாம்பு பிடித்தலும் அவர்களுடைய மரபுத் தொழில்கள்.

அவர்களுடைய அறிவு வியப்புக்குரியது. புழுதியில் கிடக்கும் ஒரு கோட்டைப் பார்த்து அவ்வழியே சென்றது பாம்பா, எந்தப் பாம்பு, சென்று எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லிவிடுவர். ஒரு வளையின் வாயில் ஒட்டியிருக்கும் சட்டைத் துணுக்கும், காய்ந்த எச்சமும் அவர்களுக்குப் போதும். கையில் ஒரு கடப்பாரை மட்டும் இருக்கும். நிதானமாகத் தோண்டிப் பாம்பின் வாலைப் பற்றி எடுத்துப் பைக்குள் விடுவர். இவ்வளவும் ஏட்டில் எழுதப்படாத கல்வி. தந்தையிடமிருந்து மகனுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் வயல்வெளியிலேயே கைமாறி வந்த கல்வி.

ஆனால் அக்கல்வி அவர்களுக்குச் சோறு போட்ட விதம் கொடுமையானது. அந்நாளில் பாம்புத் தோலுக்கு வெளிநாடுகளில் பெரும் சந்தை இருந்தது. கைப்பை, செருப்பு, இடுப்புப் பட்டை ஆகியவற்றுக்காக நம் நாட்டுப் பாம்புகள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டன. பிடித்துக் கொடுத்த இருளருக்குக் கிடைத்தது சில்லறைக் காசு. இலாபம் இடைத்தரகருக்கும் தோல் வணிகருக்கும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. பாம்பைக் காக்க வேண்டும் என்று வாதாடியவர்களில் விட்டேக்கரும் ஒருவர். சட்டம் வந்ததும் பாம்பு பிழைத்தது. இருளர் அடுப்பு அணைந்தது.

இந்த இடத்தில்தான் அவருடைய பெருமை விளங்குகிறது என்பது என் கருத்து. வனவிலங்கைக் காக்கக் கிளம்பிய பலர், காட்டை நம்பி வாழும் ஏழையைக் குற்றவாளியாகவே பார்த்தனர். விட்டேக்கர் அவ்வாறு பார்க்கவில்லை. தோலுக்காகப் பாம்பைப் பிடித்த அதே கைகள், உயிர் காக்கும் மருந்துக்காக அதைப் பிடிக்கலாமே என்று எண்ணினார். மயாமியில் கற்ற பாடமும் செங்கற்பட்டு வயல்வெளியில் கற்ற பாடமும் ஒன்று சேர்ந்தன. அதன் பயனாக 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வடநெம்மேலியில் அது இயங்கி வருகிறது.

நஞ்சு மருந்தாகும் முறை

சங்கத்தின் நடைமுறை எளிமையானது. வனத்துறை அளிக்கும் அனுமதியில் குறித்த எண்ணிக்கைப்படி உறுப்பினர்கள் பாம்புகளைப் பிடித்து வருவர். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கு மட்டுமே கொள்ளப்படும். இந்நான்கையும் 'பெரும் நால்வர்' என்று அறிஞர் குறிப்பிடுவர். மண்பானையில் சிறிது மணலிட்டு, பாம்பை உள்ளே விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டிவைப்பர். மண்பானை காற்றோட்டமும் குளிர்ச்சியும் தருவது. பாம்புக்கு வளை போலவே இருப்பது. ஏறத்தாழ மூன்று நான்கு வாரங்களில், வாரம் ஒரு முறையாக நான்கு முறை நஞ்சைக் கறப்பர். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுவர். அடையாளமுள்ள பாம்பு மீண்டும் சிக்கினால் அதைத் தொடுவதில்லை. கொல்லாமல் பயன் கொள்ளும் இம்முறை, கன்றுக்கு விட்டுப் பால் கறக்கும் நம் வழக்கத்தை நினைவூட்டுகிறது.

கறந்த நஞ்சை நீர் நீக்கித் தூளாக்கி மருந்து நிறுவனங்களுக்கு விற்பர். அங்கே குதிரைகளுக்கு அதை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஊசி மூலம் செலுத்துவர். குதிரையின் உடல் அந்நஞ்சை எதிர்க்கும் பொருள்களை உண்டாக்கிக் கொள்ளும். அதன் இரத்தத்தை ஓரளவு எடுத்து, நஞ்செதிர்ப்புப் பொருளைப் பிரித்துத் தூய்மை செய்து, சிறு குப்பிகளில் அடைப்பர். அதுவே நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் உள்ள நஞ்சுமுறி மருந்து. எந்தப் பாம்பு கடித்தது என்று தெரியாவிட்டாலும் இந்நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்து பயன்படும். ஆகவே பாம்பைத் தேடி அடித்து எடுத்துச் செல்ல வேண்டிய தேவையே இல்லை. என் மாமாவுக்காக எங்கள் ஊரார் பாம்பைத் தேடிய அரை மணி நேரமும் வீண் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இந்தியாவில் இம்மருந்துக்குத் தேவையான நஞ்சின் பெரும்பகுதியை நெடுங்காலமாக இச்சங்கமே வழங்கி வந்துள்ளது. நாட்டின் ஏதோ ஒரு மூலையில் பாம்பு கடித்துப் பிழைத்தவர் உடலில் செங்கற்பட்டு இருளரின் உழைப்பு ஓடியிருக்கிறது. ஆயினும் அவர்கள் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? அந்நிலை இப்போது சிறிது மாறியுள்ளது. இச்சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். அங்கே பெருகி, உள்ளூர் விலங்குகளை அழித்துவந்த பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிப்பதே பணி. முதல் எட்டு நாளிலேயே பதின்மூன்று மலைப்பாம்புகளைப் பிடித்தனர். 2023இல் இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. விட்டேக்கருக்கு அவ்விருது 2018இல் கிடைத்தது. ஒரே விருதை அவரும் இருளரும் பெற்றது பொருத்தமே ஆகும்.

முதலைகளும் அமராவதியும்

பாம்போடு முதலையும் விட்டேக்கரின் கவனத்தை ஈர்த்தது. தோலுக்காக வேட்டையாடப்பட்டு இந்திய முதலைகள் அருகிவந்த காலம் அது. 1976இல் அவரும் அவர் அப்போதைய துணைவியார் ஜாய் அவர்களும் வேறு சிலரும் சேர்ந்து வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணையைத் தோற்றுவித்தனர். ஜாய் அவர்கள் பறவையியல் அறிஞர் சாலிம் அலிக்கு உறவு முறையில் பேத்தியாவார். அச்சாலிம் அலியின் பெயரால் நம் ஆனைகட்டியில் 1990இல் ஆய்வு மையம் அமைந்ததை நாம் அறிவோம்.

அதே 1976ஆம் ஆண்டில் நம் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அமராவதி அணையருகிலும் வனத்துறையின் முதலைப் பண்ணை தொடங்கப்பட்டது. அமராவதி நீர்த்தேக்கம் மக்கர் எனப்படும் நன்னீர் முதலைகள் இயற்கையாகவே வாழும் இடம். கரையோரத்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளைப் பேணினர். முதலை முட்டையில் ஒரு விந்தை உண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. பண்ணையில் பேணப்படும் மக்கர் முதலை ஓர் ஆண்டில் இரு முறை முட்டையிடக் கூடியது என்பதை வெளிக்கொணர்ந்தது சென்னைப் பண்ணையின் ஆய்வாகும். நம் வகுப்பு ஆண்டுதோறும் செல்லும் சுற்றுலாவில் அமராவதியையும் சேர்த்தால் நூலில் படித்ததை நேரில் காணலாம்.

தொலைக்காட்சியும் புகழும்

விட்டேக்கரை உலகறியச் செய்தது ராஜநாகம். மேற்குத் தொடர்ச்சி மலையில் கர்நாடக மாநிலத்து ஆகும்பே மழைக்காடுகளில் அவர் இப்பாம்பைத் தொடர்ந்து கவனித்து வந்தார். உலகின் நச்சுப் பாம்புகளிலேயே மிக நீளமானது இது. பதினெட்டு அடி வரை வளரும். இதன் உணவு பெரும்பாலும் பிற பாம்புகளே. சருகுகளைக் கூட்டிக் கூடு கட்டி முட்டையிடும் பாம்பு இது ஒன்றே. இதைப் பற்றி நேஷனல் ஜியாகிரபிக் நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய படம் 1998இல் அமெரிக்காவின் எம்மி விருதைப் பெற்றது. 2005இல் பிரிட்டனின் விட்லி விருது கிடைத்தபோது, அத்தொகையைக் கொண்டு ஆகும்பேயில் மழைக்காட்டு ஆய்வு நிலையம் அமைத்தார். அங்கே ராஜநாகத்துக்கு வானொலிக் கருவி பொருத்தி அதன் நடமாட்டம் ஆராயப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜநாகம் ஒரு தனி இனம் என்று 2024இல் அறிஞர்கள் அறிவித்து, 'காளிங்கா' என்ற பெயரையும் சூட்டியுள்ளனர். நம் ஆனைமலைக் காடுகளும் ராஜநாகத்தின் உறைவிடமே.

தொலைக்காட்சிப் புகழில் ஓர் ஆபத்தும் உண்டு. படத்தில் பாம்பைக் கையில் ஏந்தி நிற்கும் மனிதரைக் காணும் இளைஞன், அவருக்குப் பின்னே உள்ள ஐம்பதாண்டுப் பயிற்சியைக் காண்பதில்லை. இன்று கைப்பேசியில் படம் எடுப்பதற்காகவே நல்ல பாம்பின் படத்தைத் தடவிப் பார்க்கும் இளைஞர்கள் நம் ஊர்களிலும் பெருகிவிட்டனர். உயிரிழந்தோரும் உண்டு. விட்டேக்கரிடமிருந்து நாம் கற்க வேண்டியது பாம்பைத் தூக்கும் வித்தையை அன்று. பாம்பைப் புரிந்துகொள்ளும் அறிவை.

அவரும் அப்புகழைக் கடிபடும் ஏழையின் பக்கமே திருப்பினார். இந்தியாவில் பாம்புக்கடியால் நேரும் சாவுகளைப் பற்றி 2011இல் பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய படத்தில் அவர் பங்கு பெரிது. 2020இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையை எழுதியோரில் அவரும் ஒருவர். 2000 முதல் 2019 வரையுள்ள இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்றும், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்றும் அது மதிப்பிட்டது. இறந்தோரில் ஏறக்குறைய பாதிப்பேர் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழைக்கால மாதங்களில் இறந்தவர்கள். பெரும்பாலோர் சிற்றூர் உழவர்; மருத்துவமனைக்கு வராமலே மடிந்தோர் பலர். உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024இல் நம் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வரும். கணக்கில் வந்தால்தான் மருந்து எங்கே தேவை என்பது அரசுக்குத் தெரியும்.

எஞ்சியுள்ள குறைகள்

மருந்து இருக்கிறது என்பதால் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஒரே இனப் பாம்பாயினும் அதன் நஞ்சு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். ஒரு வட்டாரத்து நஞ்சைக் கொண்டு செய்த மருந்து வேறொரு மாநிலத்துப் பாம்பின் நஞ்சை அதே அளவு முறிப்பதில்லை. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நஞ்சைச் சேர்த்து மருந்து செய்ய வேண்டும் என்று விட்டேக்கரும் பிற அறிஞரும் வற்புறுத்தி வருகின்றனர். மேலும் வால்பாறை போன்ற நம் மலைத் தோட்டப் பகுதிகளில் கூம்பிய மூக்குடைய குழிவிரியன் உண்டு. அதன் நஞ்சுக்கு இந்த நான்கு பாம்பு மருந்து ஏற்றதன்று. தேயிலை பறிக்கும் பெண்களின் கையருகே வாழும் அப்பாம்புக்கு உரிய மருந்தைக் காண்பது வருங்கால ஆய்வாளர் கடமை. அவ்வாய்வாளர் நம் கல்லூரியிலிருந்தும் தோன்றலாம்.

நாம் செய்யத்தக்கவை

நம்மில் பலர் தோட்டத்துச் சாளைகளிலிருந்து கல்லூரிக்கு வருபவர்கள். கிளுவை வேலியும், சோளத்தட்டுப் போரும், விறகுக் குவியலும், கல் அடுக்கும் நம் வீட்டுச் சூழல். அங்கே எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். எலியைத் தின்று தானியத்தைக் காக்கும் பாம்பு உழவனுக்குக் கூலி வாங்காத காவலாள். அதனோடு பகையின்றி வாழச் சில பழக்கங்கள் போதும்.

இரவில் தண்ணீர் கட்டப் போகும்போது டார்ச் விளக்கும் முழங்கால் வரை மூடும் காலணியும் வேண்டும். தட்டுப்போரில் கையை நேரே விடாமல் முதலில் கோலால் தட்ட வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுப்பதைத் தவிர்த்துக் கட்டிலில் கொசுவலை கட்டிப் படுக்க வேண்டும். கட்டு விரியன் இரவில் வீட்டுக்குள் வந்து தூங்குபவரைக் கடிக்கும். அதன் கடியில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலியும் இமை தொங்குதலும் கண்டால் அஜீரணம் என்று இருந்துவிடலாகாது.

கடித்துவிட்டால் கயிறு கட்டக் கூடாது. கத்தியால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. மோதிரம், மெட்டி, கொலுசு இவற்றைக் கழற்றிவிட வேண்டும். எலும்பு முறிந்தவருக்குச் செய்வது போல் கடிபட்ட உறுப்பை மரப்பட்டை வைத்து அசையாமல் இருத்தி, 108 ஊர்தியை அழைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். மந்திரிப்பவரிடம் போய்ப் பிழைத்ததாகச் சொல்வோர் உண்டு. அவர்களைக் கடித்தது நஞ்சற்ற பாம்பாகவோ, நஞ்சைச் செலுத்தாத கடியாகவோ இருந்திருக்கும். அந்தத் தற்செயலை நம்பி ஓர் உயிரைப் பணயம் வைக்கலாமா?

முடிவுரை

மாமா இன்று நொண்டியபடியே மஞ்சள் காட்டுக்குப் போய் வருகிறார். சென்ற ஆண்டு விடுமுறையில் சாளையின் பின்புறம் ஒரு பெரிய சாரைப் பாம்பு வந்தது. அப்புச்சி வழக்கம்போலத் தடியை எடுத்தார். "விடுங்கப்பா, அது எலி புடிக்க வந்துருக்குது" என்று தடுத்தவர் நானல்லன், என் மாமா! கடிபட்டவரே காக்க முன்வந்ததைக் கண்டு அப்புச்சி தடியைச் சுவரில் சாத்திவிட்டார். பாம்பு நிதானமாகக் கல் அடுக்குக்குள் சென்று மறைந்தது.

எங்கோ நியூயார்க்கில் பிறந்த ஒருவர் நம் மண்ணுக்கு வந்து, பள்ளி வாசலை மிதிக்காத இருளரிடம் மாணவராக அமர்ந்தார். அவர்தம் அறிவை மதித்தார். அந்த மதிப்பிலிருந்து பிறந்த மருந்து, நாட்டின் மூலை முடுக்கெல்லாம் உயிர் காத்து வருகிறது. தொலைக்காட்சியில் அவர் பெற்ற புகழ் மறையலாம். அம்மருந்துக் குப்பி மறையாது. பட்டம் பெறப்போகும் நாம், பட்டம் பெறாதவரிடமும் கற்க வேண்டிய கல்வி உண்டு என்பதை உணர்வோம். நம் ஊரில் அடுத்து ஒருவரைப் பாம்பு கடிக்கும்போது, "பாம்பை அடிச்சாச்சுங்களா?" என்ற கேள்விக்கு முன்னால், "108க்குச் சொல்லியாச்சுங்களா?" என்ற கேள்வி எழட்டும். அதைக் கேட்கும் முதல் குரல் நம் கல்லூரி மாணவரின் குரலாக இருக்கட்டும்!

— இளம் அறிவியல் மூன்றாமாண்டு, விலங்கியல்